கார் விலை இறங்கும், ஹெட்லைட் விலை இறங்காது

ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகிற ரோட்டில் எந்தக் கார் கன்சல்டிங்குக்குள் நுழைந்தாலும் இப்போது இந்த ஜோடி கண்ணில் படுகிறது. ஒரு பக்கம் 2018, 2019 மாடல் ஹோண்டா சிட்டியோ மாருதி சியாஸோ நிற்கும். அதை ஒட்டியே 2014, 2015 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, இல்லாவிட்டால் ஒரு பென்ஸ் சி கிளாஸ். முன்கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கொஞ்சம் பேரம் பேசினால் பத்து லட்சத்தை ஒட்டி இரண்டில் எதையும் வீட்டுக்கு ஓட்டிவரலாம். பார்க்க வருகிறவர் முதலில் சிட்டியைச் சுற்றி வருவார். பிறகு சும்மாதான் பார்க்கிறேன் என்ற முகத்தோடு பிஎம்டபிள்யூவின் கதவைத் திறந்து உட்கார்ந்து சாத்துவார். அந்தக் கதவு சாத்தும் சத்தத்திலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். கன்சல்டிங்காரர் அந்த நேரம் பார்த்து டீ சொல்லப் போய்விடுவார்.

மாதச் சம்பளத்திலோ சின்ன வியாபாரத்திலோ குடும்பம் நடத்துகிறவர் அந்தச் சிட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொல்ல நான் எதற்கு, எந்த மெக்கானிக்கும் சொல்வாரே என்று கேட்கலாம். மெக்கானிக்குகள் சொல்லும் காரணம் சர்வீஸ் செலவு. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். வண்டி அடிபட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் போய்ப் பார்த்து, எஸ்டிமேட்டில் எது நியாயம், எது தலையில் கட்டுவது என்று பிரித்து, கம்பெனி எவ்வளவு கொடுக்க வேண்டும், சொந்தக்காரர் எவ்வளவு போட வேண்டும் என்று கணக்கெழுதுவது என் பிழைப்பு. பவானி, கோபி, திருச்செங்கோடு, பெருந்துறை என்று இந்தச் சுற்றுவட்டாரத்து பம்பர்களோடு இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். இரண்டு செடானுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அந்தக் கணக்குத்தாளில்தான் தெரியும். ஷோரூமில் தெரியாது, யார்டிலும் தெரியாது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். நாற்பது லட்சத்தைத் தொட்ட கார் பத்து வருடத்தில் எப்படிப் பத்து லட்சத்துக்கு வந்து நிற்கிறது? வண்டி கெட்டுப்போய்விட்டதா? இல்லை. அந்த நாற்பதில் கணிசமான பங்கு வரி. நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் 1500 சிசிக்கு மேல் எஞ்சினும் கொண்ட செடானுக்குப் பின்னாளில் வந்த ஜிஎஸ்டி 28 சதவீதம், அதன்மேல் செஸ் 20 சதவீதம் என்று 48 வரை போனது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய் 40 சதவீதமாகியிருக்கிறது. இதன்மேல் நம் மாநிலத்தின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். முதலில் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு மில்லோ, எக்ஸ்போர்ட் கம்பெனியோ, ரிக் வண்டி முதலாளியோதான். கம்பெனி பெயரில் வாங்கி வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்வார்கள். வாரன்டியும் சர்வீஸ் பேக்கேஜும் முடிகிற நான்காவது ஐந்தாவது வருடத்தில் கைமாற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது நஷ்டமில்லை, கணக்கு.

ஆக, விலை இறங்கியதில் ஏமாற்று எதுவும் இல்லை. வரியையும் புதுப்பொலிவையும் முதல் ஆள் அனுபவித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது மூன்றாவது ஆளுக்கு மலிவாகக் கிடைக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கார் பத்து லட்சத்துக்கு இறங்கிவிட்டது என்கிற செய்தி அதன் ஹெட்லைட்டுக்குத் தெரியாது. ஸ்பேர் பார்ட்ஸ் விலைப்பட்டியலில் அது இன்னும் நாற்பது லட்ச ரூபாய்க் காருடைய ஹெட்லைட்தான்.

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு ஜெர்மன் செடான், எட்டு வயது, திருப்பூர்க்காரருடையது. டிராஃபிக்கில் முன்னால் நின்ற மினி லாரியின் பின்பக்கம் மெதுவாக முட்டியிருக்கிறது. பம்பர் இடது மூலையில் கீறல், கிரில்லில் ஒரு பல் போயிருந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் டார்ச்சை அடித்து ஹெட்லைட்டின் மேல் ஓரத்தைக் காட்டினார். பாடியோடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் லக், சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும், அது ஒடிந்திருந்தது. லைட் எரிகிறது, கண்ணாடியில் ஒரு கோடுகூட இல்லை. திரும்பும் பக்கம் திரும்பிப் பார்க்கும் மோட்டாரும் வேலை செய்கிறது. "அசெம்பிளிதான் சார், லக் தனியா வராது" என்றார். எஸ்டிமேட்டில் ஒரு லட்சத்துச் சொச்சம். டிசையரில் இதே லக் ஒடிந்தால் எங்கள் ஊர் பையன் சால்டரிங் அயர்னால் ஒட்டி உள்ளே ஒரு தகடு வைத்து முந்நூறு ரூபாய் வாங்கிக்கொள்வான். மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் நாலு சைபர் தொகையோடு போகும். அந்த ஜெர்மன் காரில் லக்கை ஒட்டிப் பாருங்களேன் என்று கேட்டேன். ஒட்டினால் லைட்டின் மட்டம் மாறிவிடும், கம்ப்யூட்டரில் எரர் நிற்கும், நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் தவறில்லை. அந்தக் கார் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, கம்பெனி கொடுத்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பலருக்கு விஷயம் தெரிவதில்லை. புது வண்டிக்குப் பம்பர் டு பம்பர் என்று ஒரு பாலிசி எடுக்கிறோமே, ஜீரோ டெப்ரிசியேஷன், அதைப் பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து வயது வரைக்கும்தான் மனமுவந்து கொடுப்பார்கள். எட்டு வயது வண்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாதாரணப் பாலிசி. அதில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எதுவானாலும் பாதி விலை சொந்தக்காரர் பொறுப்பு. இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஐந்திலிருந்து பத்து வயது வரை 40 சதவீதம், பத்து தாண்டினால் 50. கண்ணாடிக்குக் கழிவில்லை. பெயின்டிங் கூலியில் கால்பங்கை மெட்டீரியல் என்று வைத்து அதில் பாதி கழிப்போம். கடைசியாகக் கட்டாயக் கழிவு, 1500 சிசிக்குள் ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் இரண்டாயிரம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு வண்டிக்கும் ஏழு வயது. இரண்டும் இடது முன்மூலையில் ஒரே மாதிரி இடி வாங்கியிருக்கின்றன. பாகங்களின் விலை ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும், நான் ரவுண்டாக எடுத்துக்கொள்கிறேன். லக்ஸரி செடானில் ஹெட்லைட் 1,20,000, பம்பர் 60,000. பிளாஸ்டிக் கணக்கில் 1,80,000; அதில் பாதி 90,000 உங்களுடையது. பானெட்டும் ஃபெண்டரும் சேர்ந்து ஒரு லட்சம். 40 சதவீதம் கழித்தால் 40,000 உங்களுடையது. பெயின்டிங் 40,000 என்றால் அதில் உங்கள் பங்கு 5,000. கட்டாயக் கழிவு 2,000. ஆக 1,37,000 ரூபாய். அந்தப் பக்கம் சிட்டிக்கு ஹெட்லைட் 12,000, பம்பர் 8,000, பானெட்டும் ஃபெண்டரும் 16,000, பெயின்டிங் 16,000. இதே கழிவுகளைப் போட்டால் கையிலிருந்து போவது 19,400. ஒரே ரோடு, ஒரே இடி, ஒரே பத்து லட்ச ரூபாய் மதிப்பு, ஆனால் ஏழு மடங்கு வித்தியாசம். இரண்டு பேரும் இன்சூரன்ஸ் எடுத்தவர்கள்தான். 2025 செப்டம்பரில் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே என்றால், அது இரண்டு வண்டிக்கும்தான் குறைந்தது.

பிரீமியத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசு நிர்ணயித்த தொகை 2022 ஜூன் முதல் 1000 சிசிக்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. சிட்டியின் எஞ்சின் 1497 சிசி, மயிரிழையில் உள்ளே நிற்கிறது. 320டியின் எஞ்சின் 1995 சிசி. சொந்த சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் மதிப்பை வைத்து வருவது. அதைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பலர் மதிப்பையே குறைத்து எழுதச் சொல்கிறார்கள். ஐடிவி என்று பாலிசியில் போட்டிருக்குமே, அந்தத் தொகை. ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு இதற்குப் பட்டியல் கிடையாது. கம்பெனியும் வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்கிற தொகைதான். பத்து லட்சம் பெறுகிற வண்டிக்கு ஏழு லட்சம் போடச் சொல்லி இரண்டு மூவாயிரம் மிச்சம் பிடிப்பார்கள்.

மிச்சம் பிடித்த அந்த இடத்தில்தான் வண்டி கையை விட்டுப் போகிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று எழுத வேண்டும். ஏழு லட்சம் ஐடிவி என்றால் எல்லைக்கோடு ஐந்தேகால் லட்சம். லக்ஸரி செடானில் முன்னால் கொஞ்சம் பலமாக அடிபட்டு இரண்டு ஏர்பேக் விரிந்துவிட்டால் போதும். ஏர்பேக் இரண்டு, கிழிந்த டாஷ்போர்டு, இறுகிப்போன சீட் பெல்ட்டுகள், ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், அப்புறம் ரேடியேட்டர், கண்டென்சர், இன்டர்கூலர், ஃபேன், சென்சார்கள். நான் பேனாவை எடுக்கும் முன்பே ஐந்தேகால் தாண்டிவிடும். சேஸிஸ் நேராக இருக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், கதவு அதே கம்பீரத்தோடு சாத்தும். ஆனாலும் காகிதத்தில் வண்டி செத்துவிட்டது. இதே அடி வாங்கிய சிட்டியோ டிசையரோ மூன்று வாரத்தில் ரோட்டுக்கு வந்துவிடும்.

டோட்டல் லாஸ் ஆன வண்டி எங்கே போகிறது? காயலாங்கடைக்கு என்று நினைப்பீர்கள். சில வண்டிகள் போகின்றன. மற்றவை சால்வேஜ் ஏலத்தில் ஆன்லைனில் விற்கப்படுகின்றன. ஏலம் எடுப்பவர் சென்னை புதுப்பேட்டையிலோ டெல்லியிலோ பழைய பாகங்களை வாங்கி, டிங்கர் வேலை பார்த்து, பெயின்ட் அடித்து, வெளியூர் யார்டில் நிறுத்திவிடுவார். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஒரிஜினல் பாகம் போட்டால் கட்டுப்படியாகாது என்பதற்காகத்தானே அதை டோட்டல் லாஸ் என்று எழுதினோம்? ஆக, போடப்படுவது ஒரிஜினல் பாகமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஏர்பேக்கைத் திருப்பிப் போடாமல், அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடுகிற வேலையும் நடக்கிறது. சாவி போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் சந்தேகம், எரிந்துகொண்டே இருந்தாலும் சந்தேகம். ரெசிஸ்டர் வைத்த வண்டியில் அது ஒழுங்காக எரிந்து அணையும் என்பதுதான் கொடுமை. அதனால் நான் சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார்ப்பேன். அடியில் தயாரித்த தேதியோடு துணி லேபிள் இருக்கும். 2015 வண்டியில் 2018 பெல்ட் இருந்தால் நடுவில் என்னமோ நடந்திருக்கிறது. பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்று நிறக் கோடு இருந்தால் அந்த வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது.

தண்ணீர் என்றதும் சென்னை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். மூழ்கிய வண்டியைக் காயவைத்து விற்றால் சாதாரணக் காரில் உள்பக்கம் நாறும், சில ஒயர்கள் துருப்பிடிக்கும், பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். லக்ஸரி காரில் தரைவிரிப்புக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் ஓரத்திலும் கன்ட்ரோல் யூனிட்டுகள் உட்கார்ந்திருக்கும். அவை உடனே கெடாது. ஒரு வருடம் கழித்து ஜன்னல் இறங்காது, அப்புறம் ஏசி தன்னால் நிற்கும், பிறகு கியர் மாறாது. அதற்குள் வண்டி இரண்டு கை மாறியிருக்கும்.

டெல்லி வண்டிகள் இன்னொரு கதை. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி சுற்றுவட்டாரத்தில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கப்புறம் எத்தனையோ திருப்பங்கள். ஆனால் அந்தப் பயத்திலேயே எட்டு ஒன்பது வயது டீசல் பென்ஸும் ஆடியும் அங்கே அடிமாட்டு விலைக்குப் போயின, புரோக்கர்கள் தெற்கே கொண்டுவந்தார்கள். அங்கே ஆறு லட்சம் என்றால் இங்கே ஆறு லட்சமாக முடியாது. அந்த ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும், இங்கே திரும்பப் பதிவு செய்ய வேண்டும், வண்டியின் பழைய விலையையும் வயதையும் வைத்து நம் மாநில ஆயுள் வரி கட்ட வேண்டும். பழைய விலை நாற்பது லட்சம் என்பதை அந்த இடத்தில் ஆர்டிஓ ஆபீஸ் மறக்காது. வரி கட்டாமல் டெல்லி நம்பரிலேயே ஓட்டிக்கொண்டு, செக்போஸ்ட்டைக் கண்டால் சர்வீஸ் ரோட்டில் இறங்குகிறவர்களை எனக்குத் தெரியும். பத்து லட்ச ரூபாய் கார் வைத்துக்கொண்டு இப்படி ஒளிந்து போவதில் என்ன சுகமோ.

அரசாங்கத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைத் தட்டினால் எத்தனையாவது ஓனர், லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று வருகிறது. ஒரு வண்டி டோட்டல் லாஸ் ஆனதா என்பது வருவதில்லை. அந்தத் தகவல் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் இருக்கிறது, நாங்கள்தான் எழுதிக் கொடுக்கிறோம். அமெரிக்க மாநிலங்களில் அப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே சால்வேஜ் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் கட்டமைப்பு சேதமா, மேலோட்டமான சேதமா என்று எஸ், என் எழுத்துகளால் வகை பிரித்து வைக்கிறார்கள், வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஆர்சியில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு வரி வந்துவிட்டால் பெருந்துறை ரோட்டில் நிற்கும் லக்ஸரி வண்டிகளில் சிலவற்றின் விலை ஒரே ராத்திரியில் பாதியாகும். சில ராத்திரியோடு காணாமல் போகும்.

சர்வீஸ் செலவைப் பாதி உண்மை என்றேன், அதற்கும் நியாயம் சொல்லிவிட வேண்டும். ஓட்டுகிற செலவில் லக்ஸரி டீசல் மோசமில்லை. 320டி நெடுஞ்சாலையில் சிட்டி பெட்ரோலுக்கு ஈடாகவே மைலேஜ் கொடுக்கும், டீசல் விலையும் குறைவு. அதன் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி அருமையானது. அந்தப் பெட்டியின் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று கார் கம்பெனி சொல்லும்; பெட்டியைச் செய்த இசட்எஃப் கம்பெனி எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. முதல் ஓனர் யார் பேச்சைக் கேட்டார் என்று நீங்கள் விசாரிக்க வேண்டும். எஞ்சினின் டைமிங் செயின் பின்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டுமானால் பெட்டியையோ எஞ்சினையோ இறக்காமல் முடியாது. பேட்டரி டிக்கிக்குள். மாற்றினால் புது பேட்டரி வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற மாதிரியே ஏற்றிப் புதியதையும் கெடுக்கும். ஈரோட்டில் பேட்டரிக் கடைக்குப் பஞ்சமா? ஆனால் அந்த லேப்டாப்பும் சாஃப்ட்வேரும் உள்ள கடையைத் தேட வேண்டும். ஆகாவிட்டால் கோவைக்கு நூறு கிலோமீட்டர் ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். சிட்டி எங்கள் ஊர் எந்தப் பட்டறையிலும் காலையில் விட்டால் சாயங்காலம் திரும்பும்.

லக்ஸரி காரின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமையில்லை. விபத்து நடந்த வண்டிகளைப் பார்க்கிறவன் நான். பத்து வயது ஜெர்மன் செடானில் ஆறு ஏர்பேக், ஈஎஸ்பி, நூற்றிருபதில் போகும்போது மிதித்தால் கோடு மாறாமல் நிற்கிற பிரேக். அதே வயது மலிவு செடானில்? 2014 மாடல் டிசையர் எல்எக்ஸ்ஐ என்றால் ஏர்பேக் ஒன்றுகூடக் கிடையாது, ஏபிஎஸும் இல்லை. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்; பக்கத்தில் உட்காருபவருக்கு 2021 முடிவில்தான் எல்லா மாடலிலும் வந்தது. இப்படிப்பட்ட வண்டிகளின் ஸ்டீயரிங் வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பின்சீட்டில் கிடக்கும் குழந்தைச் செருப்பைப் பார்த்துவிட்டு, பாகங்களின் விலை மலிவு என்று எழுத எனக்கே கை வராத நாட்கள் உண்டு.

அதனால் சிட்டி என்று சொல்லும்போது மலிவு செடான் எதுவானாலும் சரி என்று சொல்லவில்லை. நான்காம் தலைமுறை சிட்டி 2022இல் குளோபல் என்சிஏபி சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. இரண்டு ஏர்பேக் உள்ள டொயோட்டா எட்டியோஸ் 2016இலேயே நான்கு வாங்கியது. டாக்ஸி வண்டி என்று ஏளனமாகப் பார்க்கிறார்கள், எனக்கு அந்த வண்டியிடம் மரியாதை உண்டு. 2024 நவம்பரில் வந்த புது டிசையர் ஐந்து நட்சத்திரம். இரண்டு வருடம் கழித்து யார்டுக்கு வரட்டும், நானே சிபாரிசு செய்வேன். பட்ஜெட் மூன்று லட்சம்தான், ஏர்பேக் இல்லாத வண்டிதான் கிடைக்கும் என்றால் செடான் ஆசையை விட்டுவிட்டு ஏர்பேக் உள்ள சின்னக் காராகப் பார்ப்பது மேல்.

என் அக்கா மகன் பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். போன மாதம் ஒரு கன்சல்டிங்கில் 2015 மாடல் லக்ஸரி செடானைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். "டாக்டர் ஓட்டின வண்டிங்களாம் மாமா, ஒரே ஓனர், அறுபதாயிரம்தான் ஓடிருக்குது." எல்லா யார்டிலும் எல்லா லக்ஸரி காரையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார், எங்கள் ஊர் டாக்டர்கள் நோயாளியைப் பார்க்க எப்போது நேரம் ஒதுக்குகிறார்களோ தெரியவில்லை. ஆர்சியைப் பார்த்தேன், முதல் ஓனர் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி.

"அப்ப இந்த வண்டி ஆகவே ஆகாதுங்களா மாமா?"

ஆகும் என்றேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதல் சர்வீஸிலிருந்து கடைசி வரை பில் இருக்க வேண்டும். அதே சர்வீஸ் சென்டரில் பணம் கட்டி முழுச் சோதனை செய்து ரிப்போர்ட் வாங்க வேண்டும், விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இருக்க வேண்டும், ஏனென்றால் பாகம் வருகிற வரை இது மூன்று வாரம் நிற்கலாம். ஐடிவியைக் குறைக்கக் கூடாது. ஆர்சியில் பெயர் மாறிய பதினான்கு நாளுக்குள் பாலிசியையும் உன் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அதற்கான வித்தியாசத்தை நீ கட்ட வேண்டும். இதெல்லாம் போக மூன்று லட்சம் ரூபாயை எஃப்டியில் போட்டு, அது இந்தக் காருடைய பணம், வேறு எதற்கும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்த மூணு லட்சம் தனியா இருந்தா, நான் சிட்டியே புது மாடலா எடுத்துருவேனுங்களே மாமா."

2020 ஜூலைக்கு அப்புறம் வந்த ஐந்தாம் தலைமுறையில் ஈஎஸ்பி எல்லா மாடலிலும் உண்டு மாப்ள, வி மாடலில் நான்கு ஏர்பேக், விஎக்ஸில் ஆறு, விஎக்ஸாகப் பார் என்றேன்.